முழங்கால் வலிக்கு எம்.ஆர்.ஐ.: எப்போது எடுப்பது, எப்படி எடுப்பது, எப்படிப் படிப்பது

முட்டி வலி என்று போனவரிடம் "ஜவ்வு கிழிந்திருக்கிறது" என்று யாராவது சொன்னால், எந்த ஜவ்வு என்று உடனே கேட்க வேண்டும். பேச்சுவழக்கில் இந்த ஒரே சொல் இரண்டு வேறு பொருள்களைக் குறிக்கிறது. ஒன்று மெனிஸ்கஸ். தொடையெலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவில், உட்பக்கம் ஒன்றும் வெளிப்பக்கம் ஒன்றுமாகக் கிடக்கும் பிறை வடிவ மெத்தை அது. இன்னொன்று லிகமெண்ட். எலும்பை எலும்போடு இழுத்துக் கட்டிவைத்திருக்கும் நார்ப்பட்டை. மூட்டுக்குள்ளே குறுக்காக ஓடுபவை ஏ.சி.எல்., பி.சி.எல்.; இரு பக்கமும் தாங்கி நிற்பவை எம்.சி.எல்., எல்.சி.எல். மெனிஸ்கஸும் லிகமெண்டும் காயப்படும் விதம் வேறு, சிகிச்சை வேறு.

எக்ஸ்ரேயில் இரண்டுமே தெரியாது. எம்.ஆர்.ஐ.யில் இரண்டும் தெரியும். கூடவே குருத்தெலும்பு, தசைநாண், எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜை, மூட்டுக்குள் கோத்த நீர் எல்லாம் தெரியும். எக்ஸ்ரே போன்ற கதிர்வீச்சும் இதில் இல்லை. ஆனால் இத்தனையும் தெரிவதுதான் சிக்கலின் தொடக்கமும். வலிக்குச் சம்பந்தமே இல்லாத பழுதுகளும் அதே தெளிவோடு படத்தில் வந்து நிற்கும். அதனால் இந்த ஸ்கேனுக்குள் போகும்போது ஒரு திட்டமான கேள்வியோடு போக வேண்டும்.

முதலில், ஸ்கேன் தேவைதானா?

அடிபட்டு ஒரு வாரத்துக்குள் இருப்பவருக்கு முதலில் பார்க்க வேண்டியது எலும்பு முறிவு. இதற்கு ஒட்டாவா முழங்கால் விதி என்று ஒன்று உண்டு. வயது 55 அல்லது அதற்கு மேல். முட்டிச் சில்லில் மட்டும் தொட்டால் வலி. முட்டிக்கு வெளிப்புறம் சற்றுக் கீழே துருத்தும் ஃபிபுலா எலும்பின் தலையில் தொட்டால் வலி. முட்டியை 90 டிகிரி மடக்க முடியவில்லை. அடிபட்ட உடனேயும் சரி, பரிசோதனையின்போதும் சரி, 4 எட்டு வைக்க முடியவில்லை. இந்த ஐந்தில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். எம்.ஆர்.ஐ. அதற்குப் பிறகுதான்.

வயது 45-ஐத் தாண்டியவருக்கு, நடந்தால் ஏறினால் வலி, காலையில் எழுந்ததும் விறைப்பு இல்லை அல்லது அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடுகிறது என்றால், அது பெரும்பாலும் மூட்டுத் தேய்மானம். பேச்சையும் பரிசோதனையையும் வைத்தே அதைச் சொல்லிவிடலாம். படம் வேண்டுமென்றால் நின்றபடி எடுத்த எக்ஸ்ரே போதும். படுத்து எடுத்த எக்ஸ்ரேயில் எடை இறங்காததால் எலும்புகளுக்கு இடையிலான சந்து அகலமாகத் தெரிந்து ஏமாற்றும். ஆகவே "நின்று" என்ற சொல் சீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள்.

முட்டி திடீரெனச் சிவந்து, வீங்கி, தொட்டால் கொதிக்கிறது, காய்ச்சலும் இருக்கிறது என்றால் ஸ்கேனுக்கு நாள் வாங்கிக்கொண்டு காத்திருக்கக் கூடாது. மூட்டுக்குள் கிருமித் தொற்று இருக்கலாம். அன்றைக்கே ஊசி போட்டு நீரை எடுத்துச் சோதிக்க வேண்டும். யூரிக் அமிலப் படிகங்களால் வரும் கவுட் வாதத்தை உறுதிசெய்வதும் இந்த ஊசிதான்.

குழந்தையோ வளரும் பருவத்தினரோ முட்டி வலிக்கிறது என்று நொண்டினால் இடுப்பு மூட்டையும் கட்டாயம் சோதிக்க வேண்டும். இடுப்பில் தொடையெலும்பின் தலை நழுவினாலும் வலி முட்டியில் மட்டும் தெரியலாம். முட்டியை மட்டும் ஸ்கேன் செய்தால் "எல்லாம் சரி" என்று அறிக்கை வரும். நழுவல் அப்படியே தொடரும்.

எம்.ஆர்.ஐ. உண்மையிலேயே கைகொடுக்கும் இடங்கள் இவை: முட்டி மாட்டிக்கொண்டு முழுதாக நீட்ட முடியாமல் போவது, நடக்கும்போது அல்லது திரும்பும்போது பிடிமானம் விட்டு மடங்குவது, அடிபட்ட 2 மணி நேரத்துக்குள் முட்டி குடம்போல் வீங்கியது (உள்ளே ரத்தம் கோத்திருக்கிறது என்று பொருள், ஏ.சி.எல். மேல் சந்தேகம் விழ வேண்டும்), எக்ஸ்ரே சரியாக இருந்தும் காலை ஊன்ற முடியாதது, ஆறேழு வாரம் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் குறையாத வலி, ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கும் ஓயாத வலி.

ஸ்கேன் சீட்டில் என்ன எழுதியிருக்க வேண்டும்

"முழங்கால் வலி, எம்.ஆர்.ஐ. எடுக்கவும்" என்று மட்டும் எழுதிய சீட்டு பாதி வேலையைக் கெடுத்துவிடும். படத்தைப் படிக்கும் கதிரியக்க மருத்துவர் பெரும்பாலும் உங்களைப் பார்ப்பதில்லை. சீட்டில் இருப்பதுதான் அவருக்கு உங்கள் முட்டியைப் பற்றித் தெரிந்த எல்லாம். இவை இருக்கட்டும்: வலதா இடதா, எத்தனை நாளாக, அடிபட்டதா, பட்டிருந்தால் எப்படி (பாதம் ஊன்றியிருக்க உடம்பு திரும்பியதா, பக்கவாட்டில் மோதியதா, குந்தி எழும்போதா), வலி எந்தப் பக்கம், மாட்டிக்கொள்கிறதா, மடங்குகிறதா, முன்பு அறுவை சிகிச்சை ஆகியிருந்தால் எந்த ஆண்டு, என்ன செய்தார்கள்.

கடைசி விவரம் விடுபட்டால் தவறு நேர்வது எளிது. தைத்துச் சரிசெய்த மெனிஸ்கஸ், ஆறிய பிறகும் நெடுநாள் கிழிசல் போலவே படத்தில் வெள்ளைக் கோடு காட்டும். பழைய அறுவை சிகிச்சைக் குறிப்பும் பழைய ஸ்கேனும் இருந்தால் கையோடு கொண்டு போங்கள்.

உலோகம்

எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் காந்தம் ஸ்கேன் ஓடாத நேரத்திலும் உயிரோடுதான் இருக்கும். 1.5 டெஸ்லாவும் 3 டெஸ்லாவும் வழக்கமான வலிமைகள். சாவி, கத்தரிக்கோல் போன்றவற்றைக் குண்டு போல இழுக்கும், சக்கர நாற்காலியையும் விடாது. அறைக்குள் போகுமுன் கேட்கும் கேள்விகளை "ஆமா, இல்லை" என்று வேகமாகத் தாண்டிவிடாதீர்கள்.

கட்டாயம் சொல்ல வேண்டியவை: பேஸ்மேக்கர், காதுக்குள் பொருத்திய காக்ளியர் கருவி, மூளை ரத்தக் குழாயில் போட்ட கிளிப், நரம்பைத் தூண்டும் கருவி, இன்சுலின் பம்ப், சர்க்கரை அளக்கும் சென்சார். இவற்றில் சில எம்.ஆர்.ஐ.க்கு ஏற்றவையாகவே வருகின்றன. ஆனால் எந்த மாடல் என்பதைக் கருவியோடு தந்த அட்டைதான் சொல்லும். ஆகவே அட்டை கையில் வேண்டும். வெல்டிங், கிரைண்டிங் வேலை செய்தவர் கண்ணில் எப்போதாவது இரும்புத் துகள் பட்டிருந்தால், முதலில் கண்குழிக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். துகள் அசைந்தால் பார்வை போகும்.

எலும்பில் போட்ட பிளேட், ஸ்குரூ, மாற்று மூட்டு ஆகியவை பெரும்பாலும் ஆபத்தில்லை. ஆனால் அதே முட்டியில் இருந்தால் சுற்றிலும் படம் கலைந்துபோகும். முன்கூட்டியே சொன்னால் உலோகக் கலைப்பைக் குறைக்கும் முறையில் எடுப்பார்கள்.

உலோக இழை ஓடும் விளையாட்டு உடை, பின்புறம் உலோகத் தகடு வைத்த மருந்துப் பட்டை இரண்டும் சூடேறித் தோலைச் சுடும். கழற்றிவிட வேண்டும். மருந்துப் பட்டையை மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டு எடுங்கள்.

கருவுற்றிருந்தால் சொல்லுங்கள், அவசரமில்லாத முட்டி ஸ்கேனைத் தள்ளிப் போடுவதே வழக்கம். சாதாரண முட்டி வலிக்கு கடோலினியம் என்ற ஊசி மருந்து தேவைப்படாது. தொற்று, கட்டி, மூட்டு உறை அழற்சி என்ற சந்தேகத்துக்குத்தான் அது. போடுவதாக இருந்தால் சிறுநீரகக் கோளாறு உண்டா என்று முதலில் கேட்பார்கள். ஊசியும் மயக்கமும் இல்லாத ஸ்கேனுக்கு வயிற்றைக் காயப் போட வேண்டியதில்லை.

மேசையில் அந்த அரை மணி நேரம்

மல்லாந்து படுக்க வைத்து, கால் முதலில் உள்ளே போகும்படி தள்ளுவார்கள். தலை குழாயின் வாய்க்கு அருகிலோ வெளியிலோ இருக்கும் என்பதால், மூடிய இடம் என்றால் பயப்படுபவர்களும் முட்டி ஸ்கேனைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்வார்கள். முட்டியைச் சுற்றி காயில் என்னும் கூடு வரும். சிக்னலைப் பிடிப்பது அதுதான்; சில்லின் கீழ்முனை ஏறக்குறைய கூட்டின் நடுவில் அமர வேண்டும். முட்டி லேசாக, 10 முதல் 15 டிகிரி வரை மடங்கியிருக்கும். சுற்றிலும் பஞ்சுத் திண்டு செருகி அசையாமல் அடைப்பார்கள்.

இந்த இடத்தில் வாய் திறந்து சொல்லுங்கள். குதிகாலோ இடுப்போ அந்தரத்தில் தொங்குகிற மாதிரி இருந்தால் பத்தாவது நிமிடம் கால் தானாக நடுங்கும். படம் முழுதும் பேய்நிழல் போல இரட்டைக் கோடு விழும். இன்னொரு திண்டு வைத்தால் தீர்ந்துவிடும் விஷயம் அது. கால்கள் இரண்டும் ஒன்றையொன்று தோலோடு தொடக் கூடாது, கைகளைக் கோத்துக்கொள்ளவும் கூடாது. அந்த வளையத்தில் மின்னோட்டம் ஓடிச் சுடலாம். எங்காவது சுடுகிற மாதிரி இருந்தால் கையில் கொடுத்திருக்கும் பந்தை அழுத்துங்கள்.

சத்தம் பலமாக இருக்கும். காதடைப்பு கட்டாயம். மொத்தம் 20 முதல் 40 நிமிடம். ஒவ்வொரு தொடரும் சில நிமிடங்கள் ஓடி நிற்கும். இருமலோ செருமலோ வந்தால் சத்தம் நின்ற இடைவெளியில் முடித்துக்கொள்ளுங்கள், ஆனால் காலை மட்டும் இழுக்காதீர்கள். வலி அதிகமென்றால் வழக்கமாகச் சாப்பிடும் வலி மாத்திரையைக் கிளம்புமுன் போட்டுக்கொள்வதும், உள்ளே போகுமுன் சிறுநீர் கழித்துவிடுவதும் எந்த நவீன வசதியையும்விட நல்ல படத்துக்கு உதவும்.

படத்தில் வெள்ளை எது, கறுப்பு எது

படங்கள் மூன்று திசையில் வரும்: பக்கவாட்டு வெட்டு, முன்பக்க வெட்டு, குறுக்கு வெட்டு. ஒவ்வொரு வெட்டும் ஏறக்குறைய 3 முதல் 4 மி.மீ. தடிமன். ஒரே பொருளை இரண்டு திசையில் பார்த்தால்தான் நம்பலாம்.

எந்த வகைப் படம் என்று கண்டுபிடிக்கத் தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பைப் பாருங்கள். கொழுப்பு பளிச்சென்று வெள்ளையாகவும் மூட்டு நீர் கறுத்தும் இருந்தால் அது டி1. எலும்பு மஜ்ஜையையும் முறிவுக் கோட்டையும் பார்க்க நல்லது. கொழுப்பு கறுத்து, நீர் வெள்ளையாகப் பளிச்சிட்டால் அது கொழுப்பை அடக்கி எடுத்த படம். காயம் பட்ட இடத்தில் நீர் சேர்வதால் பழுது எங்கே என்பதை இதுதான் முதலில் காட்டும். மெனிஸ்கஸ், லிகமெண்ட், தசைநாண் மூன்றும் இயல்பில் எல்லாப் படத்திலும் கறுப்பு. கறுப்புக்குள் வெள்ளை நுழைந்தால் நின்று பார்க்க வேண்டும்.

மெனிஸ்கஸ்

படங்களைப் பதிந்து தந்த சி.டி. வட்டைத் திறந்து பக்கவாட்டு வெட்டுகளை ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாக நகர்த்துங்கள். ஓர வெட்டுகளில் மெனிஸ்கஸ் படுக்கவைத்த உடுக்கை போலத் தெரியும். இரண்டு முனையும் பருத்து, நடு ஒடுங்கி. அடுத்தடுத்து ஏறக்குறைய இரண்டு வெட்டுகளில் இந்த உடுக்கை வரும். பிறகு நடு அறுந்து, எதிரெதிரே பார்க்கும் இரண்டு கறுப்பு முக்கோணங்களாகும். உட்பக்க மெனிஸ்கஸில் பின் முக்கோணம் முன்னதைவிடப் பெரிது. வெளிப்பக்கத்தில் இரண்டும் ஏறக்குறைய சமம். உட்பக்கத்தில் பின் முக்கோணம் சிறுத்துப் போயிருந்தால், அங்கிருந்து ஒரு துண்டு எங்கோ நகர்ந்திருக்கிறது என்று தேட வேண்டும்.

முக்கோணத்துக்குள் வெள்ளைப் புள்ளி என்றால் கிரேடு 1. மேற்பரப்பைத் தொடாத வெள்ளைக் கோடு கிரேடு 2. இவை இரண்டும் கிழிசல் அல்ல. அறிக்கையில் "கிரேடு 2" என்று பார்த்துவிட்டுப் பாதி கிழிந்துவிட்டது என்று கலங்குபவர்கள் ஏராளம், கலங்க வேண்டாம். கோடு மேற்பரப்பையோ கீழ்ப்பரப்பையோ தொட்டால்தான் கிரேடு 3, அதுதான் கிழிசல். அதுவும் இரண்டு வெட்டுகளிலாவது தொட்டுத் தெரிந்தால் உறுதி. ஒரே வெட்டில் மட்டும் என்றால் "இருக்கலாம்" என்ற அளவுதான்.

கிழிசலின் வகை அதைவிட முக்கியம். கிடைமட்டமாகப் பிளந்தது பெரும்பாலும் வயதோடு வருவது. வாளியின் கைப்பிடி போல் ஒரு பட்டை பிரிந்து மூட்டின் நடுவே புரண்டு விழுந்தால் முட்டி மாட்டிக்கொள்ளும், படத்தில் பி.சி.எல்.லுக்குக் கீழே இன்னொரு பி.சி.எல். போல அது தெரியும். இதைத் தள்ளிப்போடக் கூடாது. மூன்றாவது, வேர்க் கிழிசல். உட்பக்க மெனிஸ்கஸ் பின்புறம் எலும்பில் பற்றியிருக்கும் இடமே பிய்ந்துவிடுவது. குந்தும்போதோ படியிறங்கும்போதோ முட்டிக்குப் பின்னால் "டப்" என்று கேட்டது, அதிலிருந்து வலி என்பார்கள். வேர் போனால் மெனிஸ்கஸ் வெளியே பிதுங்கும், 3 மி.மீ.க்கு மேல் பிதுங்கியிருந்தால் வேரைக் கவனமாகத் தேட வேண்டும். மெத்தை இருந்தும் இல்லாத நிலை என்பதால் மூட்டு வேகமாகத் தேயும். சாதாரண வயதுக் கிழிசல் என்று இதை ஒதுக்கிவிடுவதுதான் மிகவும் வருந்தத்தக்க தவறு.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: காணும் ஒவ்வொரு கிழிசலையும் குற்றவாளி ஆக்குவது. அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஊரில் 50 முதல் 90 வயது வரையான 991 பேருக்கு முட்டி எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து 2008-இல் வெளியிட்டார்கள். மெனிஸ்கஸ் கிழிந்திருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு அதற்கு முந்தைய ஒரு மாதத்தில் வலியோ விறைப்போ இருந்ததே இல்லை. பின்லாந்தில் 2013-இல் வெளியான சோதனையில், தேய்மானம் இல்லாமல் வயதுக் கிழிசல் மட்டும் இருந்த 146 பேரில் ஒரு பகுதியினருக்கு கிழிந்த பகுதியை வெட்டி எடுத்தார்கள். மற்றவர்களுக்குத் துளை மட்டும் போட்டு வெட்டாமல் விட்டார்கள். ஓராண்டு கழித்து இரு தரப்புக்கும் வலியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. வயதானவரின் அறிக்கையில் "கிழிசல்" என்று கண்டதும் கத்திக்கு நாள் குறிப்பது சரியல்ல.

மற்ற பகுதிகள்

ஏ.சி.எல். சாய்வாக, இறுக்கிக் கட்டிய கயிறு போல ஓடும். நடுவே கொஞ்சம் சாம்பல் இழைகள் இருப்பது இயல்பு. அறுந்தால் கயிறு தொய்ந்தோ, படுத்தோ, வெள்ளை மேகமாகவோ தெரியும். பக்கத்துச் சாட்சியும் உண்டு: வெளிப்பக்கத் தொடையெலும்பின் நடுவிலும் கீழ்க்கால் எலும்பின் பின்வெளி மூலையிலும் எதிரெதிராக இரண்டு எலும்புக் கன்றல். முட்டி நழுவிய கணத்தில் இரண்டு எலும்பும் மோதிக்கொண்ட தடம் அது. பாதி அறுந்ததா முழுதும் அறுந்ததா என்பதில் எம்.ஆர்.ஐ. தடுமாறும். அங்கே மருத்துவர் முட்டியை லேசாக மடக்கிக் கீழ்க்காலை முன்னால் இழுத்துப் பார்க்கும் லாக்மன் சோதனையே நடுவர்.

கொழுப்பை அடக்கி எடுத்த படத்தில் எலும்பு மஜ்ஜையில் வெள்ளைத் திட்டு என்றால் கன்றல் அல்லது அழுத்தம். அதே இடத்தில் டி1 படத்தில் கறுப்புக் கோடு ஓடினால் எக்ஸ்ரேயில் தெரியாத முறிவு. வயதானவருக்கு அடியே படாமல் திடீரென உட்பக்கம் கடுமையாக வலித்தால் குருத்தெலும்புக்குக் கீழே இந்தக் கோட்டைத் தேடுங்கள். பல நேரம் வேர்க் கிழிசலும் கூடவே இருக்கும். கன்றல் ஆற மாதக்கணக்காகும். வலி ஓரிரு மாதம் நீடிப்பது வியப்பில்லை.

குருத்தெலும்பை நான்கு தரமாகச் சொல்வார்கள். 1: மென்மையானது. 2: பாதி ஆழத்துக்குக் குறைவாக அரித்தது. 3: பாதிக்கு மேல். 4: எலும்பு வெளியே தெரிகிறது. ஆரம்ப அரிப்பை எம்.ஆர்.ஐ. தவறவிடுவதுண்டு.

முட்டிக்குப் பின்னால் பேக்கர் நீர்க்கட்டி என்று எழுதியிருந்தால் அது பெரும்பாலும் விளைவுதான். மூட்டுக்குள் எதனாலோ நீர் ஊறிப் பின்னால் வழிந்து நிற்கிறது; ஊற்றைக் கண்டுபிடிக்காமல் கட்டியை மட்டும் வடித்தால் திரும்ப வரும்.

படம் ஏமாற்றும் இடங்கள்

காந்தத்தின் திசைக்கு 55 டிகிரி சாய்வில் ஓடும் தசைநாண், பழுது இல்லாமலே சில படங்களில் வெள்ளையாகத் தெரியும். நீர் வெள்ளையாகத் தெரியும் டி2 என்ற வகைப் படத்தில் அது மறைந்தால் பழுதில்லை. முட்டிக்குப் பின்னால் துடிக்கும் தமனியின் நிழல் மெனிஸ்கஸ் மேல் விழுந்து கோடு போலத் தெரியும். வெளிப்பக்க மெனிஸ்கஸின் பின்முனையிலிருந்து தொடையெலும்புக்குப் போகும் சிறு லிகமெண்ட் சேரும் இடத்திலும், முன்முனையில் குறுக்கு லிகமெண்ட் சேரும் இடத்திலும் கிழிசல் போன்ற கோடு இயல்பாகவே இருக்கும். அடுத்தடுத்த வெட்டுகளில் தொடர்ந்து போனால் அது தனி நாடாவாகப் பிரிந்து போவது புலப்படும்.

அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு

கடைசியில் வரும் "இம்ப்ரெஷன்" பகுதியை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வரிக்கும் எதிரே உங்கள் முட்டியில் விரலை வையுங்கள். உட்பக்கப் பின்முனை கிழிசல் என்றால், உட்பக்க மூட்டுக் கோட்டில் பின்னால் தொட்டால் வலிக்க வேண்டும். வலி முன்னால், சில்லைச் சுற்றி, படியிறங்கும்போது மட்டும் என்றால் அந்தக் கிழிசலை விட்டுவிட்டுச் சில்லுக்குப் பின்னாலுள்ள குருத்தெலும்பு பற்றிய வரியைப் படியுங்கள். எந்த வரியும் வலிக்கும் இடத்தோடு பொருந்தவில்லை என்றால் இடுப்பு மூட்டையும் முதுகுத்தண்டையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை: இந்த வலிக்கு இந்த வரிதான் காரணமா, கிழிசல் என்றால் எந்த வகை, வேர் பத்திரமாக இருக்கிறதா, பயிற்சியால் எத்தனை வாரத்தில் முன்னேற்றம் தெரிய வேண்டும், அறுவை இல்லாமல் காத்திருந்தால் எது மோசமாகும். அறிக்கைத் தாளை மட்டும் நீட்டாமல் படங்களையும் கொடுங்கள். அறுவை செய்பவர் படத்தைத் தானே பார்த்தாக வேண்டும்.

சி.டி.யை வாங்கியதும் ஒரு கணினியில் திறந்து, பெயர், தேதி, வலமா இடமா என்பது சரியா, மூன்று திசைப் படமும் இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். பிறகு வேறொரு இடத்திலும் பிரதி எடுத்து வையுங்கள். அடுத்த முறை அதே முட்டியை ஸ்கேன் செய்ய நேர்ந்தால், புதிய காயமா பழைய தழும்பா என்பதை அந்தப் பழைய படத்தை அருகில் வைத்துத்தான் பிரித்துச் சொல்வார்கள்.